ஜோடி நடனம் பழக வருபவர்களுக்கு: எடையில் தொடங்கி, பாணிகள் வரை

"எந்த டான்ஸ் சுலபம்? சல்சாவா, பச்சாட்டாவா, வால்ட்ஸா?" ஜோடி நடனம் பழக வருபவர்கள் முதலில் கேட்பது இதுதான். எந்தப் பாணியை எடுத்தாலும் அடியில் இருப்பது ஒரே விஷயம். உங்கள் உடல் எடை இந்த நொடியில் எந்தக் காலில் இருக்கிறது என்பது உங்களுக்கும் தெரிய வேண்டும், எதிரில் நிற்பவருக்கும் தெரிய வேண்டும். இது கைவந்தவர் புதிய பாணி ஒன்றைச் சில வாரங்களில் பிடித்துக்கொள்வார். இது வராதவர் நூறு ஸ்டெப் மனப்பாடம் செய்தாலும் ஜோடியின் காலை மிதித்துக்கொண்டேதான் இருப்பார். அதனால் முதலில் எடை, பிறகு பிடி, பிறகு தாளம், அதற்கப்புறம்தான் பாணி.

வகுப்பில் லீடர், ஃபாலோவர் என்ற இரண்டு பெயர்கள் ஓயாமல் காதில் விழும். திசையையும் நேரத்தையும் முன்வைப்பவர் லீடர். அதை உடம்பால் வாங்கித் தன் அடியாக முடிப்பவர் ஃபாலோவர். ஆண் லீடர், பெண் ஃபாலோவர் என்பது பழைய வழக்கம். இன்று யாரும் எதையும் கற்கலாம், ஆனால் ஆரம்பத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பாணிகள் பெரும்பாலானவற்றில் லீடருக்கு முதல் கால் இடது, ஃபாலோவருக்கு வலது.

எடை மாற்றம்

முதலில் தனியாகப் பழகுங்கள். கால்களை இடுப்பகலத்துக்கு வைத்து, முழங்காலை லேசாக இளக்கி நில்லுங்கள். எடை முழுவதையும் இடது காலுக்குக் கொண்டுபோங்கள். இப்போது வலது காலை ஓர் அங்குலம் தூக்குங்கள். உடம்பு அசையாமல் கால் எழும்பினால் எடை முழுதாக மாறிவிட்டது. தூக்குவதற்கு முன் உடம்பு இடப்பக்கம் சாய்ந்து சரிசெய்துகொண்டால், எடையில் கொஞ்சம் வலது காலிலேயே தங்கியிருந்தது என்று அர்த்தம். புதியவர்கள் தவறான காலில் அடுத்த அடியைத் தொடங்குவதற்கு அந்த மிச்ச எடைதான் பெரும்பாலும் காரணம். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, ஒரு பாட்டு முழுவதும் இதையே செய்யுங்கள்.

ஸ்டெப் என்றால் எடை ஏறும். டேப் என்றால் கால் தரையைத் தொடும், எடை ஏறாது. டேப் வைத்த கால்தான் அடுத்த அடிக்கும் போகும். பச்சாட்டா கற்பவர் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அடுத்தது ஜோடியாக நடப்பது. எதிரெதிரே நின்று, மார்பு உயரத்தில் உள்ளங்கையோடு உள்ளங்கை வையுங்கள். லீடர் இடது காலை முன்வைத்து நடக்க, ஃபாலோவர் வலது காலைப் பின்வைத்துப் போகிறார். நான்கு அடி முன்னே, நான்கு அடி பின்னே. இரண்டாவது தடவை ஃபாலோவர் கண்ணை மூடிக்கொள்ளட்டும்.

கால் மிதிபடுவது இந்தப் பயிற்சியில்தான் முதலில் நடக்கும். லீடரின் உடம்பு அப்படியே நிற்க, கால் மட்டும் முன்னால் போவதே காரணம். ஃபாலோவருக்குச் சேதி உடம்பிலிருந்துதான் வருகிறது. உடம்பு நகராததால் அவர் கால் இன்னும் அங்கேயே இருக்கிறது. முதலில் மார்பு நகர வேண்டும், அதன் கீழே கால் போய்ச் சேர வேண்டும். மிதித்துவிடுவோமோ என்று பயந்து லீடர் அடியைக் குறுக்கினால் சேதி இன்னும் மங்கி, மிதிபடுவது கூடும். தயங்காமல் ஒரு முழு அடி வைப்பதுதான் இருவருக்கும் பாதுகாப்பு. ஃபாலோவர் பின்னால் போகும்போது காலை இடுப்பிலிருந்து நீட்டி, நுனிவிரலை முதலில் வைத்து, எடை வந்த பிறகே குதிகாலை இறக்க வேண்டும். முழங்காலிலிருந்து மட்டும் காலை எடுத்தால் அடி குட்டையாகி, லீடரின் முழங்கால் வந்து மோதும்.

பிடி

நெருங்கிய பிடியில் லீடரின் வலக்கை ஃபாலோவரின் இடது தோள்பட்டை எலும்பின் மேல், விரல்கள் சேர்ந்து, தட்டையாக இருக்கும். இடுப்பில் வைக்கக் கூடாது. அங்கே வைத்தால் மேலுடம்பின் அசைவு எதுவும் போய்ச் சேராது. ஃபாலோவரின் இடக்கை லீடரின் மேற்கையில், தோளுக்குச் சற்றுக் கீழே அமரும். கோத்திருக்கும் மற்ற இரு கைகளும் குள்ளமானவரின் கண் மட்டத்துக்கு மேலே போகக் கூடாது. இருவரும் நேருக்கு நேர் நிற்பதில்லை. ஒவ்வொருவரும் தம் இடப்பக்கமாகச் சற்று விலகி நிற்பார்கள். அப்போது உங்கள் வலது கால் எதிரில் இருப்பவரின் இரண்டு கால்களுக்கு நடுவே போகும். யாருடைய விரலும் நசுங்காது.

சல்சாவிலும் ஸ்விங்கிலும் அதிகம் வரும் திறந்த பிடியில், லீடர் விரல்களை மடக்கிக் கொக்கிபோல் நீட்ட, ஃபாலோவர் தன் விரல்களை அதன்மேல் மாட்டுகிறார். கட்டைவிரல் இதில் சேரவே கூடாது. கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தால் திருப்பத்தின்போது கை உள்ளே சுழல முடியாமல் மணிக்கட்டு முறுகும். வகுப்புகளில் வரும் மணிக்கட்டு வலிக்கு இது முக்கியமான காரணம்.

கை துவண்டு கிடந்தாலும் கெடுதி, விறைத்தாலும் கெடுதி. முழங்கை உடம்புக்குச் சற்று முன்னால் நிற்க வேண்டும். அது முதுகுக்குப் பின்னால் போகும் அளவுக்குத் தளர்ந்தால் லீடர் நகர்ந்த சேதி பாதி வழியிலேயே செத்துவிடும். சோதிக்க ஒரு வழி: நான்கு அடி நடந்துவிட்டு, "எங்கே இழுத்ததுபோல் இருந்தது?" என்று ஃபாலோவரிடம் கேளுங்கள். கையில் என்றால் லீடர் கையால் தள்ளியிருக்கிறார். முதுகில், உடம்பின் நடுவில் என்றால் சரி.

தாளம்

நம்மூர்க் காதுக்கு இதில் ஒரு வசதி உண்டு. வால்ட்ஸ் மூன்று எண்ணிக்கை. திஸ்ரத்தில் "தகிட, தகிட" என்று சொல்லிப் பழகியவர்களுக்கு அது உடனே பிடிபடும். மற்றவை பெரும்பாலும் நான்கு எண்ணிக்கை, அதையே இரண்டு முறை சேர்த்து எட்டாக எண்ணுவார்கள். ஆனால் தாளம் போடத் தெரிவது ஒன்று, எடையைத் தாளத்தில் வைப்பது வேறு. பாட்டைப் போட்டுவிட்டு, ஒவ்வொரு பீட்டுக்கும் ஓர் எடை மாற்றம் என்று நின்ற இடத்திலேயே நடந்து பாருங்கள். இதைச் சாதாரணமாகச் செய்ய முடிகிற வரை ஸ்டெப்புக்குப் போக வேண்டாம்.

புதியவர்கள் திணறுவது "1" எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதில். வால்ட்ஸில் பேஸ் ஒலி கனமாக விழும் இடம் 1. அடுத்த இரண்டும் மெலிந்து ஒலிக்கும். சல்சாவில் காங்கா முரசைக் கேளுங்கள். நான்காம் பீட்டிலும் அதன் பின் அரையிலும் அடுத்தடுத்து இரண்டு திறந்த தட்டுகள் (கையை உடனே எடுத்து ஒலிக்கவிடுபவை) விழும். அவற்றை அடுத்து வருவது 1 அல்லது 5. பாடகர் வரி தொடங்கும் இடத்தை வைத்து 1-ஐத் தேட வேண்டாம், பல பாட்டுகளில் வரி பீட்டுக்கு முன்னாலேயே தொடங்கிவிடும்.

வால்ட்ஸ்

எடை மாற்றத்தைத் தெளிவாகக் கற்றுத் தருவதில் மெதுவான வால்ட்ஸை மிஞ்ச எதுவும் இல்லை. மூன்று பீட் சேர்ந்தது ஒரு பார். போட்டிகளில் நிமிடத்துக்கு 28 முதல் 30 பார், அதாவது 84 முதல் 90 பீட். வியன்னா வால்ட்ஸ் அதைவிட இரண்டு மடங்கு வேகம், நிமிடத்துக்கு 58 முதல் 60 பார். அதைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம்.

அடிப்படை, பாக்ஸ் ஸ்டெப். லீடருக்கு:

1 – இடது கால் முன்னே.
2 – வலது காலை இடது காலை ஒட்டிக் கொண்டுவந்து, அங்கிருந்து வலப்பக்கம்.
3 – இடது கால் வந்து வலது காலோடு சேரும், எடை இடது காலுக்கு மாறும்.
4 – வலது கால் பின்னே.
5 – இடது காலை வலது காலை ஒட்டிக் கொண்டுவந்து, அங்கிருந்து இடப்பக்கம்.
6 – வலது கால் வந்து சேரும், எடை வலது காலுக்கு.

ஃபாலோவர் இதன் மறுபாதி: வலது பின்னே, இடது பக்கம், வலது சேர்த்து, இடது முன்னே, வலது பக்கம், இடது சேர்த்து.

இரண்டு இடங்களில் இது கெடும். ஒன்று, 3-இல் கால் வந்து சேர்கிறது, எடை மாறுவதில்லை. அப்புறம் 4-க்கு எந்தக் கால் என்று தெரியாமல் இருவரும் நிற்பார்கள். மற்றொன்று, 2-இல் கால் மற்றக் காலை ஒட்டி வராமல் குறுக்காக வெட்டிப் போவது. சதுரம் முக்கோணமாகிவிடும், ஜோடி மெல்ல மெல்ல இடம் நழுவிச் சுவரில் போய் முட்டும். தரை ஓடுகளின் கோடுகளை வைத்துப் பழகினால் இந்தப் பிழை கண்ணுக்கு நேராகத் தெரியும்.

பாக்ஸ் பழகியதும் அதை இடப்பக்கம் திருப்புங்கள். ஒவ்வொரு மூன்று எண்ணிக்கைக்கும் நாலில் ஒரு பங்கு சுற்று. 12 எண்ணிக்கையில் முழுச் சுற்று முடியும். 1-இன் இறுதியில் உடம்பு எழத் தொடங்கி, 2-லும் 3-லும் மேலேறி, 3-இன் முடிவில் இறங்கும் அசைவு வால்ட்ஸின் அழகு. அதை இரண்டாவது மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கூடத்தில் எல்லா ஜோடிகளும் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில்தான் சுற்றிவருவார்கள். நின்று பேசுவதாக இருந்தால் தளத்தை விட்டு வெளியே போய்விட வேண்டும்.

1914 வாக்கில் நியூயார்க்கில் பிரபலமான ஃபாக்ஸ்ட்ராட் இதற்கு அடுத்த வீடு. ஸ்லோ, ஸ்லோ, குயிக், குயிக். ஸ்லோவுக்கு இரண்டு பீட், குயிக்குக்கு ஒன்று. வால்ட்ஸ் நடை வந்தவருக்கு இதன் எளிய வடிவம் ஒரே வகுப்பில் வந்துவிடும்.

சல்சா

கியூபாவின் சொன், மாம்போ ஆட்டங்களிலிருந்து வளர்ந்து, நியூயார்க்கில் குடியேறிய போர்ட்டோ ரிக்கோ, கியூபா மக்களிடையே இன்றைய உருவம் பெற்றது. எட்டு எண்ணிக்கையில் ஆறு அடி. 4-லும் 8-லும் அடி இல்லை.

திசை மாறும் அடி 1-லும் 5-லும் விழும், ஆன் ஒன் எனப்படும் முறையில் லீடருக்கு: 1 இடது முன்னே, 2 எடை திரும்ப வலது காலுக்கு, 3 இடது நடுவுக்கு; 5 வலது பின்னே, 6 எடை திரும்ப இடது காலுக்கு, 7 வலது நடுவுக்கு. ஃபாலோவர் 1-இல் வலது காலைப் பின்னே வைத்துத் தொடங்குவார்.

இங்கே வரும் பெரிய பிழை அடியின் நீளம். வேகமான பாட்டில் நிமிடத்துக்கு 180 பீட்டைத் தாண்டும். பாதத்தின் நீளத்துக்கு மேல் அடி வைத்தால் திரும்பி வர நேரம் இருக்காது. 1-இல் முன்னே வைக்கும் காலில் உடம்பு முழுவதையும் கொண்டுபோகாதீர்கள். கால் முன்னே போனாலும் மார்பு ஏறக்குறைய நடுவிலேயே இருக்க வேண்டும், அப்போதுதான் 2-இல் எடை சுலபமாகத் திரும்பும். இடுப்பை ஆட்ட முயல வேண்டாம். முழங்கால் மடங்கி நிமிரும்போது இடுப்பு தானாக அசையும். வலிந்து ஆட்டுவது பார்த்தாலே தெரியும்.

பல அடிகள் சேர்ந்து ஒரு முழு அசைவாக வருவதை உருவம் என்பார்கள். முதலில் கற்க வேண்டிய உருவம் கிராஸ் பாடி லீட். 1, 2 வழக்கம்போல. 3-இல் லீடர் நாலில் ஒரு பங்கு சுற்று இடப்பக்கம் திரும்பி வழியை விட்டு விலகுகிறார். 5, 6, 7-இல் ஃபாலோவர் அந்தத் திறந்த வழியில் நேராக நடந்து மறுபுறம் போய் இடப்பக்கமாகத் திரும்புகிறார். லீடர் 3-இல் விலகாமல் நின்றுகொண்டு கையால் இழுத்தால், ஃபாலோவர் அவரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும், நேரம் தப்பும். சல்சா வகுப்பில் "அவங்க சரியா வரல" என்று லீடர் குறைசொல்லும் பல இடங்களில், வழி மறைத்து நிற்பது லீடரேதான்.

அடுத்தது ஃபாலோவரின் வலப்பக்கத் திருப்பம். லீடர் 3-க்குள் இடக்கையை உயர்த்தி விடுகிறார், 5, 6, 7-இல் திருப்பம். கை ஃபாலோவரின் தலைக்கு நேர் மேலே, நெற்றியை ஒட்டி நிற்க வேண்டும். பெரிய வட்டம் போட்டுக் கையைச் சுழற்றினால் ஃபாலோவரின் சமநிலை வெளியே இழுபடும். ஃபாலோவர் 5-இல் இடது காலை முன்வைத்து, குதிகாலை லேசாக எடுத்து, பாதத்தின் முன்பகுதியில் அரைச் சுற்று. 6-இல் வலது காலில் எடை வைத்து மீதி அரைச் சுற்று. 7-இல் இடது காலை வைத்து முடிப்பு. குதிகால் தரையில் ஊன்றியிருக்கும்போது திரும்பினால் முறுக்கு முழுவதும் முழங்காலில் போய் விழும். தலை சுற்றுகிறதென்றால் கண்ணைத் தரைக்குத் தாழ்த்தாதீர்கள். எதிரே ஒரு புள்ளியைப் பார்த்து, உடம்பு திரும்பும்போது தலை கடைசியாகக் கிளம்பி முதலில் வந்து அந்தப் புள்ளியைப் பிடிக்க வேண்டும்.

சல்சாவுக்குள்ளேயே கிளைகள் உண்டு. நடன ஆசிரியர் எடி டோரஸ் வகுத்துப் பரப்பிய நியூயார்க் ஆன் டூ முறையில் திசை மாறும் அடி 2-லும் 6-லும் விழும். காங்காவின் அறையொலி விழுவதும் அதே இடம் என்பதால் இசையோடு ஒட்டி ஆடுவதுபோல் இருக்கும். கியூபாவின் காசினோ நேர்கோட்டில் போகாமல் ஒருவரையொருவர் வட்டமிட்டு ஆடுவது. பல ஜோடிகள் வளையமாக நின்று, ஒருவர் குரல் கொடுக்க ஜோடி மாற்றிக்கொள்ளும் ருவேதாவும் அதிலிருந்து வந்தது. கொலம்பியாவின் காலி நகரத்துப் பாணியில் பாத வேலை மின்னல் வேகம். உங்கள் ஊரில் அதிகம் பேர் எதை ஆடுகிறார்களோ அதில் தொடங்குங்கள், குறைந்தது ஆறு மாதம் மாற்ற வேண்டாம்.

பச்சாட்டா, மெரெங்கே

இரண்டும் டொமினிக்கன் குடியரசின் ஆட்டங்கள். யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் மெரெங்கே 2016-இலும் பச்சாட்டா 2019-இலும் சேர்ந்தன. மெரெங்கேயில் ஒவ்வொரு பீட்டுக்கும் ஓர் அடி, அவ்வளவுதான். முதல் நாளே ஆடலாம். கூச்சம் போக இதைவிட நல்ல ஆட்டம் இல்லை.

பச்சாட்டாவில் பக்கவாட்டில் மூன்று அடி, நான்காவதில் டேப். லீடர் இடப்பக்கம் 1, 2, 3, பிறகு 4-இல் வலது கால் டேப். அதே வலது காலில் வலப்பக்கம் 5, 6, 7, பிறகு 8-இல் இடது கால் டேப். பாங்கோ என்ற சிறு இரட்டை முரசின் அழுத்தம் 4-இல் விழுவதால் இடுப்பின் சிறு உயர்வும் அங்கேயே வரும். டேப் காலில் எடை ஏறிவிட்டால் அடுத்த அடிக்குத் தவறான கால் கிளம்பும். இருவரும் ஒரே பக்கம் போகாமல் எதிரெதிரே போவதைக் கண்டால் அந்தத் தவறுதான் நடந்திருக்கிறது.

ஸ்பெயினில் வளர்ந்த சென்சுவல் பச்சாட்டாவில் உடல் அலை, தலைச் சுழற்சி எல்லாம் வரும். வீடியோவில் பார்த்துவிட்டு அதை முதல் மாதமே முயல்வது ஆபத்து. தலைச் சுழற்சியை லீடர் கையால் தள்ளி வரவைக்கக் கூடாது, கழுத்து பிடித்துக்கொள்ளும். இவ்வளவு நெருக்கமான ஆட்டத்துக்கு ஜோடியின் சம்மதம் ஒவ்வொரு தடவையும் வேண்டும். ஃபாலோவர் தம் இடது கையை லீடரின் தோளின் முன்பக்கம் வைத்து இடைவெளி காத்தால், "இவ்வளவு போதும்" என்று சொல்கிறார். அந்த இடைவெளியை மதியுங்கள்.

தாங்கோ

மேடையில் காலை வீசி ஆடும் தாங்கோவையும், போட்டிகளில் தலையை வெட்டித் திருப்பும் பால்ரூம் தாங்கோவையும் மறந்துவிடுங்கள். புவெனஸ் ஐரிஸிலும் மொந்தேவிதேயோவிலும் மக்கள் கூடி ஆடும் தாங்கோ, அணைப்பில் நடப்பது. அர்ஜென்டினாவும் உருகுவேயும் சேர்ந்து முன்மொழிய, 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. இதில் அடிப்படை எண்ணிக்கையே கிடையாது. ஒவ்வோர் அடியும் அந்த நொடியில் முடிவாகிறது. சல்சா வேகத்துக்குப் பழகியவர்களுக்கு முதல் மூன்று மாதம் இது கடினமாக இருக்கும். எடையைக் கேட்கும் காது வேண்டுமென்றால் இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

வகுப்பில் முதலில் எட்டு அடிக் கோவை ஒன்றைச் சொல்லித் தருவார்கள். அதில் முதல் அடி லீடர் பின்னால் வைப்பது. கூட்டத்தில் அதைச் செய்யாதீர்கள்: எல்லாரும் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் வரிசையாக வரும்போது பின்னால் வைக்கும் கால் பின்னே வரும் ஜோடியின் மேல் போய் விழும். இரண்டாவது அடியான பக்க அடியிலிருந்து தொடங்குங்கள். ஐந்தாவதில் ஃபாலோவரின் இடது கால் வலது காலுக்கு முன்னால் குறுக்கே சேரும். அது லீடர் மேலுடம்பைத் திருப்புவதால் வருவது, ஃபாலோவர் தாமாகவே போட்டுவிடும் பழக்கம் வந்தால் லீடருக்கு வேறு வழி எல்லாம் அடைபடும்.

ஓச்சோ என்பது ஃபாலோவர் ஒரு காலில் திரும்பி அடி வைத்து, மறுகாலில் திரும்பி அடி வைத்து, தரையில் எட்டு எழுதுவது. எடை ஒரே காலில் முழுதாக நின்ற பிறகே திரும்ப வேண்டும். திரும்பிக்கொண்டே அடி வைத்தால் சாய்ந்து லீடரின் தோளைப் பிடிக்க நேரிடும். சுவரில் இரு கைகளையும் ஊன்றி, தினம் பத்து நிமிடம் இதைத் தனியாகப் பழகலாம்.

நடந்து பழக கார்லோஸ் டி சார்லியின் இசைக்குழுப் பதிவுகள் ஏற்றவை: பியானோ தெளிவு, நடை நிதானம். ஹுவான் டாரியென்சோவில் பீட் துள்ளும். ஒஸ்வால்டோ புக்லியேசேயில் வேகம் நின்று நின்று போகும், அதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். தாங்கோ கூடும் இடத்தின் பெயர் மிலோங்கா. பாட்டுகள் மூன்று அல்லது நான்காகத் தொகுத்து வரும், அந்தத் தொகுப்பு தாந்தா. ஒரு தாந்தாவை ஒருவரோடு முழுதாக ஆடி முடிப்பது மரியாதை. நடுவில் வரும் கொர்தீனா என்ற துண்டு இசையில் தளம் காலியாகும். ஆட அழைப்பது தூரத்திலிருந்து பார்வையாலும் தலையசைப்பாலும். விருப்பமில்லாதவர் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளலாம், யாருக்கும் சங்கடம் இல்லை.

ஸ்விங்

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்பின மக்கள் உருவாக்கியது ஸ்விங் குடும்பத்தின் லிண்டி ஹாப். 1926-இல் லெனாக்ஸ் அவென்யூவில் திறந்த சவாய் பால்ரூம் அதன் வீடு. நிறவேற்றுமை சட்டமும் வழக்கமுமாக இருந்த காலத்தில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தளத்தில் ஆடிய இடம் அது. ஜோடியைத் தோளுக்கு மேல் தூக்கிச் சுழற்றி இறக்கும் ஏர் ஸ்டெப்பை 1935-இல் ஃப்ராங்கி மேனிங் என்ற ஆட்டக்காரர் அங்கே கொண்டுவந்தார். அதைச் சாதாரணக் கூட்டத்தில் முயல வேண்டாம்; ஒத்திகை பார்த்த ஜோடி, மெத்தை, காலி இடம் மூன்றும் வேண்டும்.

ஆறு எண்ணிக்கை அடிப்படையில் தொடங்குங்கள். லீடருக்கு: 1 இடது பின்னே, 2 எடை திரும்ப வலது காலுக்கு, 3-அண்ட்-4 இடது வலது இடது, 5-அண்ட்-6 வலது இடது வலது. மூன்று அடிகள் இரண்டு பீட்டுக்குள் வருவது ட்ரிபிள் ஸ்டெப். அதைப் பக்கவாட்டில் இழுத்து வைத்தால் வேகத்தில் திணறுவீர்கள். நின்ற இடத்திலேயே வையுங்கள். துள்ளல் மேல்நோக்கிப் போகக் கூடாது. முழங்கால் இளகிக் கீழ்நோக்கி இறங்க வேண்டும். மேலே குதித்தால் மூன்று பாட்டில் கெண்டைக்கால் இறுகிவிடும். இது பழகியபின் எட்டு எண்ணிக்கையில் வரும் ஸ்விங்அவுட்: 1, 2, 3-அண்ட்-4, 5, 6, 7-அண்ட்-8. லிண்டி ஹாப்பின் உயிர் அந்த உருவத்தில்தான் இருக்கிறது. நன்றாக வர ஒரு வருடம் ஆனாலும் அதில் செலவிடும் நேரம் வீண் போகாது.

இதன் குடும்பத்தைச் சேர்ந்த ஜைவ், சென்னைப் பெரம்பூர் போன்ற ரயில்வே குடியிருப்புகளின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் கல்யாணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஆடப்பட்டுவந்த ஆட்டம். அப்படி ஒரு வீட்டில் மூத்தவர் யாராவது சொல்லித்தரத் தயாராக இருந்தால் அந்த வாய்ப்பை விடாதீர்கள். வெஸ்ட் கோஸ்ட் ஸ்விங் இன்றைய பாப் இசைக்கும் பொருந்தும், ஒரே கோட்டில் போய் வருவது. ஆனால் கை இழுவிசையின் நுட்பம் அதிகம், முதல் பாணியாக எடுப்பவர்கள் சலித்துப்போவதைப் பார்க்கலாம். அங்கோலாவில் பிறந்த கிசோம்பா நெருங்கிய நடை. தாங்கோ பிடித்தவர்களுக்கு அதுவும் பிடிக்கும்.

எதைத் தேர்ந்தெடுப்பது

ஸ்டெப் வீடியோக்களைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒவ்வொரு பாணியின் பாட்டையும் பத்துப் பத்தாகக் கேளுங்கள். வேலைக்குப் போகும் வழியில் எதை மறுபடி போடத் தோன்றுகிறதோ அதுதான் உங்கள் பாணி. ஒரே இசையை மாதக்கணக்கில் கேட்கப்போகிறீர்கள். பிடிக்காத இசைக்கு யாராலும் பயிற்சி செய்ய முடியாது. அடுத்து இடத்தைப் பாருங்கள். சல்சாவும் பச்சாட்டாவும் ஒரு சிறு அறையிலேயே ஆடலாம், வால்ட்ஸுக்குக் கூடம் வேண்டும். முழங்கால் பிரச்சினை உள்ளவர்களுக்குத் தாங்கோ நடையும் மெதுவான வால்ட்ஸும் இதமானவை. வேகமான லிண்டி ஹாப்பைத் தொடங்குமுன் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. ஜோடி இல்லையே என்று தயங்க வேண்டாம்: சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஜோடி மாற்றும் வகுப்பாகப் பார்த்துச் சேருங்கள். ஒருவரோடு மட்டுமே பழகுபவர் அவருடைய பிழைக்கு ஏற்பத் தம் ஆட்டத்தை வளைத்துக்கொள்வார்.

செருப்பு, தரை, வியர்வை

ரப்பர் அடி கொண்ட ஸ்போர்ட்ஸ் ஷூ தரையைக் கவ்விப் பிடிக்கும்; உடம்பு திரும்ப, பாதம் திரும்பாமல், முழங்கால் முறுகும். தொடக்கத்துக்கு வழவழப்பான தோல் அடி கொண்ட பழைய ஆபீஸ் ஷூ போதும். தொடர்வதென்று முடிவானபின் ஸ்வேட் (சொரசொரப்பான மெல்லிய தோல்) அடி கொண்ட நடனக் காலணி வாங்குங்கள். குதிகால் 2 முதல் 3 அங்குலம் என்பது லத்தீன் ஆட்டக்காரிகளின் வழக்கம், ஆனால் கட்டாயம் இல்லை. முதல் வருடம் தட்டையாகவே ஆடலாம். அந்தக் காலணியோடு தெருவில் நடக்கக் கூடாது, ஈரம் பட்டால் ஸ்வேட் கெட்டுவிடும். தூசி ஏறி மினுமினுப்பானால் கம்பித் தூரிகையால் ஒரே திசையில் தேய்த்துவிடுங்கள்.

மரத்தளம் கிடைத்தால் சிறப்பு. நம் வீடுகளின் பளபளப்பான கிரானைட்டில் ஸ்வேட் வழுக்கும். ஈரத் துணியால் துடைத்து நன்றாகக் காயவைத்த பின் ஆடுங்கள், அடியைக் குறுக்குங்கள். வழுக்கலைக் கூட்டவோ குறைக்கவோ பவுடர் தூவுவது வேண்டாம், பக்கத்தில் ஆடுபவர் விழுவார். மொட்டைமாடி சிமெண்டுத் தரையில் எடை மாற்றம் பழகலாம், திருப்பம் பழகக் கூடாது.

நம் வெயிலுக்கு இரண்டு மாற்றுச் சட்டை, ஒரு சிறு துண்டு, தண்ணீர் மூன்றும் பையில் இருக்கட்டும். பெரிய மோதிரம், வாட்ச், கனத்த வளையல் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட வேண்டும். திருப்பத்தில் மற்றவர் கையைக் கிழிக்கும். துப்பட்டாவையும் அப்படியே. நீளமான முடி இருந்தால் கொண்டை போடுங்கள், பின்னல் சுழலும்போது எதிரில் இருப்பவரின் கண்ணில் அடிக்கும்.

பயிற்சியும் முதல் சோஷியலும்

வாரம் ஒரு வகுப்பு, அதோடு தினம் 15 நிமிடம் வீட்டுப் பயிற்சி. அந்த 15 நிமிடத்தில் முதல் ஐந்து எடை மாற்றத்துக்கு, அடுத்த ஐந்து பாட்டோடு அடிப்படை அடிக்கு, கடைசி ஐந்து திருப்பத்துக்கு. மாதம் ஒருமுறை ஒரு நிமிட வீடியோ எடுத்துப் பாருங்கள். தலை குனிந்திருக்கிறதா என்பதை மட்டும் கவனித்தால் போதும். கீழே பார்ப்பவரின் மேலுடம்பு முன்னே சாய்ந்து, எடை குதிகாலுக்கும் விரலுக்கும் நடுவே அலைபாயும்.

இரண்டு மாதத்தில் நான்கைந்து உருவங்கள் கைக்கு வந்திருக்கும், பலரும் கூடி ஆடும் சோஷியலுக்கு அதுவே தாராளம். "ஆடலாமா?" என்று கேட்பதும் "இப்போ வேண்டாம், நன்றி" என்பதும் அங்கே சாதாரணம். காரணம் கேட்கக் கூடாது, உடனே மறுபடி கேட்கவும் கூடாது. தளத்தில் ஜோடிக்குப் பாடம் எடுக்காதீர்கள். யாராவது வலிக்கும்படி பிடித்தால் மட்டும் அப்போதே சொல்லுங்கள். வலித்தாலோ, தொடக் கூடாத விதமாகத் தொட்டாலோ பாட்டின் நடுவிலேயே நிறுத்திவிட்டு வரலாம். வகுப்பு நடத்துபவரிடமும் சொல்லுங்கள். யாராவது மேலே இடித்துவிட்டால், தவறு யாருடையதானாலும் கையை உயர்த்தி மன்னிப்புக் கேட்டுவிட்டு ஆட்டத்தைத் தொடருங்கள்.

இரண்டாவது பாணியைத் தொடங்க ஆறு மாதமாவது காத்திருப்பது நல்லது. முதல் பாணியில் எண்ணாமல், கீழே பார்க்காமல், தெரியாத ஒருவரோடு ஒரு பாட்டு முழுவதும் ஆட முடிந்தால் நேரம் வந்துவிட்டது. சல்சாவிலிருந்து பச்சாட்டாவுக்கும், வால்ட்ஸிலிருந்து ஃபாக்ஸ்ட்ராட்டுக்கும், தாங்கோவிலிருந்து கிசோம்பாவுக்கும் போவது சுலபம். சல்சாவிலிருந்து தாங்கோவுக்குப் போகிறவர்கள் முதல் சில வாரம் திறந்த பிடியில் நடை மட்டும் பழகி, இடுப்பசைவை அடக்கிக்கொண்டு, பிறகு அணைப்புக்குள் போகலாம்.